நிற்கும்போது சொட்டியது, ஓடும்போது கத்தியது: ஒரு பிக்கப் வண்டியின் சத்தம்

சோழவந்தானுக்குப் பக்கத்தில் முள்ளிப்பள்ளத்திலிருந்து வாழை இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு தினமும் மதுரைக்கு வரும் பிக்கப் அது. 2017 மாடல், டர்போ வைத்த டீசல் இன்ஜின், 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ராத்திரி 3 மணிக்குக் கிளம்பி மேலக்கால், துவரிமான், கோச்சடை வழியாக மாட்டுத்தாவணிக்குப் போகும். என் பட்டறை துவரிமானில் அந்தச் சாலை ஓரத்திலேயே இருக்கிறது, வீடு அதற்குப் பின்னால். அதனால் வண்டி என்னிடம் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே அதன் சத்தம் எனக்குப் பழக்கம். ஜன்னலைச் சாத்திப் படுத்திருந்தாலும் மூன்றரை மணிவாக்கில் மெல்லிய ஊளை ஒன்று மேற்கிலிருந்து வந்து கிழக்கே போகும்.

ஒரு மார்கழிக் காலையில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், அதை ஓட்டும் தம்பி வண்டியைப் பட்டறைக்குள் விட்டார். முகம் வாடியிருந்தது.

“ஸ்டார்ட் பண்ணதும் கீச்சுன்னு கத்துதுண்ணே. தெருவே முழிச்சுக்குது. கொஞ்ச நேரத்துல அது நின்னுரும். ஆனா ஊளை மாதிரி ஒண்ணு கூடவே வருது. மிதிச்சா அதுவும் ஏறுது. மூணு எடத்துல பாத்துட்டேன். கடைசியா டர்போ போச்சுன்னு சொல்றாங்கண்ணே, முப்பத்தெட்டாயிரம் ஆகுமாம்.”

முதல் இடத்தில் இன்ஜினின் பெல்ட் மேல் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். இரண்டு நாள் அமைதி. மறுபடி போனபோது பெல்ட்டை மாற்றினார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது, பிறகு அதே கீச். இரண்டாவது இடத்தில் பெல்ட் தொய்ந்துவிட்டது என்று சொல்லி நன்றாக இழுத்து முடுக்கினார்கள். கத்தல் பாதியாகக் குறைந்தது. ஆனால் பத்து நாளில் ஊளை ஒன்று புதிதாகச் சேர்ந்துகொண்டது. மறுபடி ஒரு புது பெல்ட், மறுபடி முடுக்கல். மூன்றாவது இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு டர்போ என்று முடிவு சொன்னார்கள்.

இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. மூன்று பேருமே வண்டியைப் பகலில், இன்ஜின் சூடாக இருக்கும்போது பார்த்திருக்கிறார்கள். தம்பி சரக்கு இறக்கிவிட்டு 8 மணிக்கு மேல்தான் எந்தப் பட்டறைக்கும் போக முடியும். அந்த நேரத்தில் கீச் இருக்காது. நோயாளி சொன்னதை வைத்து மருந்து கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

என்னிடம் வந்தபோதும் இன்ஜின் சூடுதான். ஊளை மட்டும் கேட்டது. பானெட்டைத் திறக்கும் முன் ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். சத்தக் கேஸில் முதல் அரை மணி நேரம் இப்படிப் போனால்தான் பின்னால் அரை நாள் மிஞ்சும்.

கேட்டதும் சொன்னதும்

சத்தம் வண்டியின் வேகத்தோடு ஏறுகிறதா, இன்ஜின் சுற்றோடு ஏறுகிறதா? நின்ற இடத்தில் நியூட்ரலில் மிதித்தாலும் ஏறுகிறது என்றார். அப்படியானால் பின் ஆக்சில், டயர், வீல் பேரிங் எல்லாம் கணக்கில் இல்லை. கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா? மாறவில்லை. கிளட்ச் ரிலீஸ் பேரிங்கும் கியர்பாக்ஸின் முன் பேரிங்கும் விலகின. ஹெட்லைட் போட்டால்? “காலைல லைட் போட்டா கத்தல் ஜாஸ்திண்ணே.” இதைக் குறித்து வைத்துக்கொண்டேன். லைட் போட்டால் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடும், அந்தச் சுமையைத் தூக்குவது பெல்ட்.

அடுத்து, எந்த இடத்தில் அதிகமாகக் கத்துகிறது என்று கேட்டேன். “வீட்டுல இருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது.”

இந்த ஒரு பதிலை மற்ற பட்டறைகளிலும் அவர் சொல்லியிருக்கிறார். ரிவர்ஸ் என்றதும் எல்லோருக்கும் கியர் ஞாபகம் வந்துவிட்டது. ரிவர்ஸ் கியரின் பற்கள் பெரும்பாலான வண்டிகளில் நேர்வெட்டு. முன்னோக்கிப் போகும் கியர்களைப் போலச் சாய்வெட்டு இல்லை. அதனால் ரிவர்ஸில் ஒரு ஊளை இயல்பாகவே இருக்கும், அதைப் பழுது என்று யாரும் எடுக்க மாட்டார்கள். அப்படித்தான் இதையும் ஒதுக்கிவிட்டார்கள். நான் அவர் வீட்டைப் பார்த்திருக்கிறேன். குறுகலான சந்து, வாசலில் ஒரு வேம்பு. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிக்க வேண்டும். அவர் ரிவர்ஸ் என்று சொன்னபோது எனக்கு ஒடிப்பு என்று கேட்டது.

“பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊத்துனீங்களா தம்பி?”

“மாசம் ஒருவாட்டி கொஞ்சம் ஊத்துவேண்ணே. அது எல்லா வண்டிக்கும் உள்ளதுதானே?”

இல்லை. பவர் ஸ்டீயரிங் மூடிய சுற்று. டப்பாவிலிருந்து பம்புக்கு, பம்பிலிருந்து ஸ்டீயரிங் பெட்டிக்கு, அங்கிருந்து மறுபடி டப்பாவுக்கு என்று ஒரே எண்ணெய்தான் சுற்றிச் சுற்றி வரும். மாதா மாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ வெளியே போகிறது என்று அர்த்தம். யாரும் கேட்காததால் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, இன்றைக்கு வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவர் தயங்கினார். இலைக்கட்டு ஒரு நாள் நின்றால் மறுநாள் மண்டியில் பேச்சு வாங்க வேண்டும், அது நியாயமான பயம். கடைசியில் மச்சான் வண்டியைச் சொல்லிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். குளிர்ந்த இன்ஜினில் வரும் சத்தத்தைக் குளிர்ந்த இன்ஜினில்தான் பார்க்க முடியும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

ராத்திரி வைத்த காகிதம்

மாலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த வண்டியில் ஆறு வரி போட்ட ஒற்றைப் பெல்ட். கிராங்க் புல்லியிலிருந்து ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப் மூன்றையும் அதுவே சுற்றுகிறது. தானாக இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் இல்லை. ஆல்டர்னேட்டர் ஒரு நீள்துளைப் பட்டையில் நகரும், போல்ட்டை முடுக்கினால் பெல்ட் இறுகும். எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம் என்பதுதான் இந்த அமைப்பின் ஆபத்து. விரலால் அழுத்திப் பார்த்தேன். பெல்ட் நாலு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை, வீணைக் கம்பி மாதிரி நின்றது.

பவர் ஸ்டீயரிங் டப்பாவில் எண்ணெய் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே. சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாகியிருந்தது. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் குட்டி ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் புழுதி அப்பியிருந்தது. இன்ஜின் அறையில் எங்கும் புழுதிதான், ஆனால் காய்ந்த இடத்தில் அது தூசாக இருக்கும், எண்ணெய் கசியும் இடத்தில் மட்டும் பிசைந்த மாவு மாதிரி ஒட்டும். விரல் நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது.

உடனே ஹோஸ்தான் என்று முடிவு கட்டவில்லை. மேலே வேறு எங்காவது கசிந்து இங்கே வழிந்திருக்கலாம். அந்த இடத்தை முழுக்கத் துடைத்துக் காயவிட்டு, டப்பாவில் குளிர்நிலைக் கோடு வரை எண்ணெய் ஊற்றினேன். ஹோஸைச் சுற்றி வீட்டில் இருக்கும் முகப்பவுடரைத் தூவினேன். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் அடியில் செய்தித்தாள் விரித்து நாலு முனையிலும் நட்டு வைத்துவிட்டு வந்தேன். பவுடர் வெள்ளையாக இருக்கும், எண்ணெய் தொட்ட இடம் கறுத்துக் காட்டும். பெரிய கருவி எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

காலை 5 மணிக்குப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பட்டறைப் பையனை டார்ச் பிடிக்கச் சொல்லிக் குனிந்தேன். வெள்ளைப் பவுடரில் ஒரு கோடு. ஹோஸ் பம்புக்குள் நுழையும் வாயில் பிறந்து, கிளிப்பின் காதைச் சுற்றி, ஹோஸின் வயிற்றுப்பக்கம் வந்து ஒரு துளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துளி கனத்து, நீண்டு, பவர் ஸ்டீயரிங் புல்லியின் விளிம்பில் விழுந்தது. விளிம்பிலிருந்து வழுக்கி, பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையிலுள்ள வரிக்குள் போய் மறைந்தது. காகிதத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரே ஒரு கறை. அதாவது ராத்திரி முழுக்கச் சொட்டியதில் கீழே வந்தது கொஞ்சம், மீதியைப் பெல்ட் குடித்திருக்கிறது.

ஸ்டார்ட் செய்தோம். பதினைந்து விநாடி விடாமல் ஒரு கீச். பையன் காதைப் பொத்தினான். ஹெட்லைட் போட்டதும் இன்னும் ஏறியது. ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன், இது பழைய சோதனை. தண்ணீர் பட்டதும் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. இங்கே கூடியது.

கீச் என்பது எப்படிப் பிறக்கிறது என்று பையன் கேட்டான். எங்கள் ஊர்க்காரனுக்கு அதைச் சொல்ல உறுமி மேளம் போதும். வளைந்த குச்சி தோலில் ஒட்டும், விடும், ஒட்டும், விடும். அந்த ஒட்டலும் விடலும் வேகமாக மாறி மாறி வருவதுதான் உறுமல். பெல்ட்டும் புல்லியை அப்படித்தான் பிடித்துப் பிடித்து விடுகிறது. ஆனால் ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை, அதனால் உறுமலாக இல்லாமல் கீச்சாகக் கேட்கிறது.

காலையில் மட்டும் ஏன்? இந்த மாதிரி ஆல்டர்னேட்டர் 90 ஆம்பியர் வரை கொடுக்கும். 14 வோல்ட்டில் அது 1,260 வாட். உள்ளே போகும் விரயத்தையும் சேர்த்தால் பெல்ட் கிட்டத்தட்ட இரண்டரைக் குதிரைத்திறனை ஆல்டர்னேட்டர் புல்லிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் புல்லிதான் இருப்பதிலேயே சின்னது, பெல்ட் அதைத் தழுவும் இடமும் குறைவு. ராத்திரி கிடந்த பேட்டரி ஸ்டார்ட் ஆகும்போது நிறைய இழக்கும், ஸ்டார்ட் ஆனவுடன் அதை நிரப்ப ஆல்டர்னேட்டர் முழு மூச்சாக இழுக்கும். அந்த நேரத்தில் பெல்ட்டில் ராத்திரி விழுந்த எண்ணெயும் பனியும். வழுக்காமல் என்ன செய்யும்? கொஞ்சம் ஓடியதும் சூட்டில் பனி காய்கிறது, எண்ணெய் சிதறி விடுகிறது, பேட்டரியும் தெளிகிறது. கத்தல் நின்றுவிடுகிறது.

அடுத்து ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தேன். பம்பிலிருந்து கனமான முனகல் வந்தது. டப்பா மூடியைத் திறந்து பார்த்தால் எண்ணெய் ஆற்றிய காபி மாதிரி நுரைத்துக் கிடந்தது.

இந்தக் கேஸில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இந்த ஹோஸ்தான். பவர் ஸ்டீயரிங் பம்பில் இரண்டு குழாய்கள் சேரும். பம்பிலிருந்து வெளியே போவது அழுத்தக் குழாய், அது கசிந்தால் இன்ஜின் ஓடும்போது பீய்ச்சும், யார் கண்ணுக்கும் தப்பாது. டப்பாவிலிருந்து பம்புக்கு வருவது உறிஞ்சு குழாய். இன்ஜின் ஓடும்போது பம்ப் அதிலிருந்து இழுக்கிறது. அப்போது அதில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். இன்ஜின் நின்ற பிறகு இழுப்பு இல்லை, மேலே இருக்கும் டப்பாவின் எண்ணெய் தன் பாரத்தில் மெல்லச் சொட்டும். ஓடும்போது கசிவு தேடினால் காய்ந்திருக்கும், நிற்கும்போது பார்த்தால் சத்தம் இருக்காது. ஒரே ஓட்டை ராத்திரியில் பெல்ட்டுக்கு எண்ணெய் ஊற்றியது, பகலில் பம்புக்குக் காற்று ஊட்டியது. கீச்சுக்கும் முனகலுக்கும் மூலம் ஒன்று.

பெல்ட்டைக் கழற்றியபோது

முனகல் போக இன்னொரு சத்தம் மிச்சம் இருந்தது. ஸ்டீயரிங்கை நேராக விட்டு 2,000 சுற்றில் வைத்தாலும் மெல்லிய ஊளை ஒன்று, கொசு காதருகே வந்த மாதிரி. டர்போ என்று அந்தப் பட்டறையில் சொன்னது இதைத்தான்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து நுனியை ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தேன். வாட்டர் பம்பில் பலமாகக் கேட்டது. வாட்டர் பம்ப் பேரிங் என்றே ஒரு கால் மணி நேரம் நம்பினேன். ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கும் பட்டை வாட்டர் பம்ப் உடம்போடுதான் இறுகியிருக்கிறது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். இரும்பும் அலுமினியமும் சத்தத்தைத் தாராளமாகக் கடத்தும். ஸ்க்ரூ டிரைவர் சத்தம் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும், இதுதான் என்று சொல்லாது. அதை மட்டும் வைத்து வாட்டர் பம்பை மாற்றியிருந்தால் நானும் நாலாவது ஆளாகியிருப்பேன்.

உறுதியான சோதனை பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்வது. அப்படிச் செய்யும்போது வாட்டர் பம்ப் சுற்றாது, அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. சார்ஜ் விளக்கு எரியும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியைப் பெல்ட் இல்லாமல் நின்ற இடத்தை விட்டு நகர்த்தவே கூடாது, பிரேக் கல்லாகிவிடும்.

பெல்ட் இல்லாமல் அதே 2,000 சுற்று. கீச் இல்லை, முனகல் இல்லை, ஊளையும் இல்லை. டீசல் இன்ஜினின் இயல்பான தடதடப்பு மட்டும். டர்போ அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அது ஓடுவது புகைபோக்கிக் காற்றில், பெல்ட்டில் இல்லை. ஊளை டர்போவுடையது என்றால் பெல்ட்டைக் கழற்றியதும் நின்றிருக்காது. முப்பது விநாடியில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இருந்தாலும் தம்பியின் மனத்தில் சந்தேகம் தங்கக் கூடாது என்று டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, விரலால் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் இம்மி ஆட்டம் இருந்தது. டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது, அந்த இம்மி ஆட்டம் இருக்க வேண்டியதுதான். முன்னும் பின்னும் ஆட்டமில்லை, சக்கரம் கூட்டைத் தொடவில்லை, குழாயில் எண்ணெய் தேங்கவில்லை. டர்போ நன்றாக இருந்தது.

அடுத்து ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினேன். வாட்டர் பம்ப் வழுவழுப்பு. ஸ்டீயரிங் பம்ப் சற்றுக் கனம், ஆனால் சீர். ஆல்டர்னேட்டரைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. உள்ளங்கையில் மணல் நெரிபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு, புல்லியை மேலும் கீழும் அசைத்தால் சின்ன ஆட்டம். முன் பேரிங் போய்விட்டது.

அது ஏன் போனது என்பதற்குப் பதில் அந்த வீணைக் கம்பி பெல்ட்டில் இருக்கிறது. கீச்சை அடக்க ஒவ்வொரு தடவையும் இறுக்கியிருக்கிறார்கள். எண்ணெய் பட்ட பெல்ட் இறுக்கினாலும் கொஞ்ச நாளில் வழுக்கும், அப்போது இன்னும் இறுக்குவார்கள். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது ஆல்டர்னேட்டரின் முன் பேரிங். இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றும். இன்ஜின் 3,000 என்றால் அங்கே ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல். அந்த வேகத்தில் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தால் கிரீஸ் காய்ந்து பந்துகள் பாதையைக் கீறிவிடும். இறுக்கிய பத்தாவது நாளில் ஊளை தொடங்கியது என்று தம்பி சொன்னதும் இதோடு பொருந்துகிறது. டர்போ விசில் போலக் கேட்டதற்கும் காரணம் அந்த அதிவேகச் சுற்றுதான். சத்தம் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு வேகமாகச் சுற்றும் பொருளைத் தேடுவது சரியான யோசனை. ஆனால் இன்ஜினில் வேகமாகச் சுற்றுவது டர்போ மட்டும் இல்லை.

மாற்றியவை

கழற்றிய பெல்ட் ஐந்து வாரப் பெல்ட். வரிகள் பளபளத்தன, விரலால் அழுத்தினால் உப்பிய மாதிரி மெத்தென்று இருந்தது. இப்போது வரும் பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். சூட்டையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும், பழைய ரப்பர் மாதிரி சீக்கிரம் வெடிக்காது. ஆனால் கனிம எண்ணெய் அதற்கு ஆகாது, உப்பிவிடும். உப்பியதைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் பழைய நிலைக்கு வராது. இவ்வளவுக்கும் இந்த வண்டி தினமும் கோச்சடையில் ஃபென்னர் பெல்ட் ஆலை இருக்கும் சாலையில்தான் போய் வருகிறது. பெல்ட் தயாராகும் ஊரில் பெல்ட்டின் மேல் பழி போடுவது எனக்கு எப்போதும் வருத்தம். மூன்று மாதத்தில் இரண்டு நல்ல பெல்ட் எண்ணெயில் ஊறிச் செத்திருக்கிறது.

புது பெல்ட் போடும் முன் நாலு புல்லிகளின் வரிகளையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினோம். கறுப்புப் பசை வந்துகொண்டே இருந்தது. முந்தைய இரண்டு தடவையும் பெல்ட்டை மட்டும் மாற்றி இந்தப் பசையை விட்டுவைத்திருக்கிறார்கள். புல்லியைக் கழுவாமல் பெல்ட் மாற்றுவது குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுவது மாதிரி.

ஹோஸின் வாய் கல்லாக இறுகி, மடக்கினால் கிளிப் இருந்த இடத்தில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. ஏழு வருடத்துக்கு மேல் இன்ஜின் சூட்டில் வெந்திருக்கிறது. பழைய ஸ்பிரிங் கிளிப்பும் பிடிப்பை இழந்திருந்தது. புதிதாக எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ஹோஸ் போட்டு, இரண்டு முனையிலும் திருகு கிளிப் வைத்தோம். ரேடியேட்டர் ஹோஸில் ஒரு துண்டு வெட்டி மாட்டுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தண்ணீருக்கான ரப்பரும் பெரும்பாலும் அதே ஈபிடிஎம்தான், எண்ணெயில் ஊறி நெகிழ்ந்து நடுவழியில் கழன்றுகொள்ளும்.

ஆல்டர்னேட்டரைப் பிரித்தோம். முன் பேரிங்கில் பொறித்திருந்த எண் 6303. அந்த எண் மட்டும் ஒத்தால் போதாது. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது, சூட்டில் விரிய இடம் விட்ட சி3 வகை என்று கேட்டு வாங்க வேண்டும். உட்காரவைக்கும்போது எந்த வளையம் இறுக்கமாக நுழைகிறதோ அந்த வளையத்தில்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். மற்ற வளையத்தில் சுத்தியல் பட்டால் அடி பந்துகள் வழியாகப் பாதையில் இறங்கிக் குழி விழும். அப்புறம் புதுப் பேரிங்கும் ஒரே மாதத்தில் பாட ஆரம்பிக்கும். உள்ளே உரசி மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகளும் தேய்ந்திருந்தன, கையோடு மாற்றிவிட்டோம்.

ஸ்டீயரிங் எண்ணெயை முழுக்க இறக்கிப் புதிது ஊற்றினோம். முன் சக்கரங்களைத் தூக்கி வைத்து, இன்ஜின் ஓடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இருபது தடவை மெதுவாகத் திருப்பினான் பையன். டப்பாவில் குமிழி வருவது நின்ற பிறகுதான் ஸ்டார்ட். இதில் அவசரப்பட்டால் உள்ளே மாட்டிய காற்று நுரையாகி மறுபடி முனகும், ஹோஸ் மாற்றியும் சரியாகவில்லை என்று தப்பாக நினைக்கத் தோன்றும். ஓடும்போது கடைசி ஒடிப்பில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்துவைக்கக் கூடாது என்பதையும் அவனுக்குச் சொன்னேன். அங்கே அழுத்தம் உச்சத்தில் நின்று எண்ணெய் வெந்துவிடும்.

பெல்ட்டை மாட்டி நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் 10 மில்லிமீட்டர் போகிற அளவுக்கு வைத்தேன். வண்டிக்கு வண்டி இது மாறும், கையேட்டில் உள்ளதே சரி. மல்டிமீட்டரில் சார்ஜ் 14.2 வோல்ட். அதே முனைகளில் மாறுமின்னோட்ட (ஏசி) அளவில் வைத்துப் பார்த்ததில் 0.1 வோல்ட்டுக்கும் கீழே. அது அரை வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே டயோடு போயிருக்கலாம், டயோடு போன ஆல்டர்னேட்டரும் ஊளையிடும். அதனால் பேரிங் மாற்றியபோதே இதையும் பார்த்து முடித்துவிடுவது என் வழக்கம்.

எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய் ஆனது, கூலி உட்பட.

பிறகு

வண்டியை அன்றைக்கும் கொடுக்கவில்லை. இன்னொரு ராத்திரி பவுடர் தூவி, காகிதம் விரித்து வைத்தேன். தம்பி மறுநாள் விடியும் முன்பே வந்துவிட்டார். அவரையே சாவி போடச் சொன்னேன். ஸ்டார்ட் ஆனது. ஹெட்லைட் போட்டார், ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்தார். இன்ஜின் தடதடவென்று மட்டும் ஓடியது. அவர் இறங்கி வந்து பானெட்டுக்குள் தலையை விட்டு, ஏதோ ஒன்றைக் காணோம் என்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

“ஒடிச்சுப் பிடிச்சா மட்டும் லேசா உஸ்ஸுங்குதேண்ணே?”

அது பம்பின் வால்வு திறக்கும் சத்தம், இருக்க வேண்டியது, விட்டுவிடுங்கள் என்றேன். காகிதத்தை எடுத்துக் காட்டினேன். பனி ஈரத்தில் எழுத்துகள் கலங்கியிருந்தன, எண்ணெய் இல்லை.

புது பெல்ட் ஓடி உட்கார்ந்ததும் கொஞ்சம் தளரும். அதனால் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு வரச் சொல்லியிருந்தேன், பத்து நாளில் வந்தார். 12 மில்லிமீட்டர் போனது, பத்துக்குக் கொண்டுவந்தேன். ஹோஸின் அடியில் விரலைத் தேய்த்துப் பார்த்தேன். விரலில் புழுதி ஒட்டியது, ஊதினால் பறந்தது.